பதினேழாம் நம்பர் சாக்கு

மட்டாஞ்சேரி,
4-10-1978

கணக்கு டீச்சர் நீலாம்பாள் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கும் பாக்கியலக்ஷ்மியின் தகப்பன் செல்லதுரை எழுதுவது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. நீங்கள் பாலக்காட்டுத் தமிழ்க்காரர் என்று மகள் சொன்னதால் தைரியமாகத் தமிழில் எழுதுகிறேன். நேரில் வந்து கேட்கலாம் என்றால், நான் வேலை முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு நீங்கள் எறணாகுளத்துக்குப் படகேறிவிடுகிறீர்கள்.

விஷயம் இதுதான். புள்ளியியல் வீட்டுப்பாடம் என்று நீங்கள் கொடுத்த ஐந்து கணக்கையும் என் மகள் சரியாகப் போட்டாள். நானே கூட்டிப் பார்த்தேன். மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டீர்கள். முதல் தடவை ஓரக்கோடு இல்லை என்று. இரண்டாம் தடவை அட்டவணைக்கு நம்பரும் தலைப்பும் இல்லை என்று. மூன்றாம் தடவை எல்லாம் இருந்தது. ஆனால் விடைக்குப் பக்கத்தில் 'கிலோவா, மீட்டரா, ஆளா?' என்று சிவப்பு மையில் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியிலேயே ஆள் என்று இருக்கிறது. விடைக்கு வருவதற்குள் அது மாடாகிவிடுமா?

நான் பஜார் ரோட்டில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் பத்தொன்பது வருஷமாக எடைக்காரன். ஒரு நாளைக்கு முந்நூறு சாக்கு என் தராசில் ஏறி இறங்கும். நான் எடையைச் சத்தமாகச் சொல்வேன், கிளார்க் எழுதிக்கொள்வார். இதுவரை ஒருவரும் என்னிடம் ஓரக்கோடு கேட்டதில்லை. தொகை சரியா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

பாக்கியத்தை எறணாகுளத்துக் காலேஜ் வரை படிக்கவைப்பது என்று நான் முடிவு செய்து வெகுநாள் ஆகிறது. கோட்டுக்காக அவள் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். இதை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

இப்படிக்கு,
செல்லதுரை


மட்டாஞ்சேரி,
5-10-1978

திரு. செல்லதுரை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஊர் போட்டிருக்கிறீர்கள், தேதி போட்டிருக்கிறீர்கள், யார் யாருக்கு எழுதுவது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டீர்கள். இவ்வளவும் தெரிந்தவர், மகளுடைய நோட்டில் மட்டும் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறீர்கள்.

உங்களை ஒன்று கேட்கிறேன். குறி போடாத சாக்கு உங்கள் பண்டகசாலையிலிருந்து கப்பலேறுமா? ஏறாது. உள்ளே இருப்பது என்ன, எத்தனை கிலோ, யார் அனுப்பியது என்று சாக்கின் மேல் மையால் எழுதித்தான் அனுப்புவீர்கள். ஏனென்றால் சாக்கின் கூடவே நீங்களும் கப்பலேறி அங்கே போய் விளக்கம் சொல்ல முடியாது. அட்டவணையும் அப்படித்தான். உங்கள் மகளுடைய நோட்டிலிருந்து ஒரு தாள் கிழிந்து காற்றில் பறந்து அக்கரையில் வைப்பின் தீவில் யார் கையிலாவது கிடைத்தாலும், எதை எண்ணினாள், எந்த அளவில் எண்ணினாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. நான் கோட்டுக்காக மதிப்பெண் குறைப்பதில்லை. கோடு போடும்வரை மதிப்பெண்ணே போடுவதில்லை. இரண்டும் வேறு.

இந்த வருஷம் ஆண்டுத் தேர்வில் இருபத்தைந்து மதிப்பெண்ணை ஒரு அறிக்கைக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு பெண்ணும் தானே எண்ணியோ அளந்தோ ஐம்பது எண்கள் சேகரிக்க வேண்டும். தலைப்பு, நோக்கம், சேகரித்த விதம், அட்டவணை, வரைபடம், முடிவு என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒவ்வொரு அட்டவணைக்கும் கீழே மூலம் என்று ஒரு வரி; எண்கள் எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தன என்பது அதில் இருக்கும். நவம்பர் இருபதாம் தேதி கடைசி நாள். கணக்கில் உங்கள் மகளுக்கு இந்த வகுப்பில் ஜோடி கிடையாது. காலேஜ் என்று நீங்கள் சொல்வது அதிக ஆசை இல்லை. இந்த இருபத்தைந்தை அவள் கோட்டை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலாம்பாள்


மட்டாஞ்சேரி,
22-10-1978

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சாக்கைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். கடிதத்தைச் சுமைத்தொழிலாளி பிச்சையிடம் வாசித்துக் காட்டினேன். 'டீச்சர்னா இப்படியில்ல இருக்கணும், ஒமக்குச் சரியான ஆளு அண்ணாச்சி' என்று சிரிக்கிறான்.

அறிக்கை தயாராகிவிட்டது. பாக்கியம் வேறெங்கும் அலையவில்லை. மிளகுச் சாக்கின் எடைதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். போன இரண்டு சனிக்கிழமையும் என்னோடு பண்டகசாலைக்கு வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். கப்பலுக்குப் போக வேண்டிய ஒரு அடுக்கில் ஐம்பது சாக்கு. நான் எடை சொன்னேன், அவள் எழுதினாள். சாக்கு நம்பர்கூட விடாமல் எழுதினாள். மிளகுத் தூசிக்கு அவள் போட்ட தும்மலையும் எண்ணியிருந்தால் இன்னொரு அட்டவணை கிடைத்திருக்கும். 'வேற யாரும் இதைச் செய்திட்டில்ல யப்பா' என்று ஒரே பெருமை அவளுக்கு. எனக்கும்தான், மறைக்கவில்லை.

அறிக்கை மலையாளத்தில் இருப்பதால் எனக்கு அதில் படிக்கத் தெரிந்தது எண்கள் மட்டும். அதையும் முழுதாகப் பார்க்க விடவில்லை. டீச்சர் பார்த்தபிறகு பார்த்தால் போதும் என்று பிடுங்கிக்கொண்டாள். குறை கண்டுபிடிக்க நீங்கள் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
செல்லதுரை


மட்டாஞ்சேரி,
25-10-1978

திரு. செல்லதுரை அவர்களுக்கு,

சிரமப்படவில்லை. இரண்டு குறை, இரண்டும் ஒரே பக்கத்தில். அட்டவணையில் 'எடை' என்று மட்டும் தலைப்பு இருக்கிறது, அது போதாது. அட்டவணைக்குக் கீழே மூலம் இல்லை. கேட்டால், 'அச்சன்டெ கம்பெனிப் பேரு எழுதாமோ டீச்சர்?' என்று தயங்குகிறாள். எழுதலாம், எழுதியே ஆக வேண்டும். பண்டகசாலையின் பெயர், எடை பார்த்த தேதி, எடை சொன்னவர் பெயர், மூன்றும்.

மற்றபடி இந்த வகுப்பில் இதைவிட நல்ல அறிக்கை எனக்கு வரப்போவதில்லை. அதனால்தான் இதையும் எழுதுகிறேன். சாக்கின் மேல் அறுபது கிலோ என்று குறி இருப்பதாக அவளே எழுதியிருக்கிறாள். அவளுடைய சராசரி ஐம்பத்தொன்பது. ஐம்பது சாக்கில் ஒன்றுகூட அறுபதைத் தொடவில்லை. ஒன்றிரண்டு குறைந்தால் தற்செயல் என்பேன். ஐம்பதும் குறைந்தால் எனக்கு வேறு சொல் தெரியவில்லை. நீங்கள் இதைப் பார்த்தீர்களா?

நீலாம்பாள்


மட்டாஞ்சேரி,
26-10-1978

டீச்சர் அவர்களுக்கு,

மூலம் எழுத முடியாது. என் மகள் கையால் அந்தக் கம்பெனியின் பெயரை எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு கைப்பையோடு இந்த ஊரில் வந்து இறங்கியவன் நான். அன்றைக்கே எனக்கு வேலை கொடுத்தவர் எங்கள் முதலாளி. சாக்கில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது வேண்டாத வேலை. நான்தான் யோசிக்காமல் அழைத்துப்போனேன். தப்பு என்னுடையது.

அறிக்கையைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். பாக்கியம் தன் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்தை அளந்து எழுதிக்கொடுப்பாள். அதற்கு மூலம் எழுத ஒரு பயமும் இல்லை.

செல்லதுரை


மட்டாஞ்சேரி,
27-10-1978

திரு. செல்லதுரை அவர்களுக்கு,

அறிக்கை இதோடு வருகிறது. யாரிடமும் காட்டவில்லை. உயரம் என்றால் உயரம். ஏற்றுக்கொள்கிறேன், மதிப்பெண் குறையாது. உங்கள் வேலைக்கு ஆபத்து வரும்படி ஒரு வரியைக் கேட்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது உங்கள் மகள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. மூலம் எழுதாத அட்டவணை தப்பா என்று கேட்டாள். தப்பில்லை, ஆனால் அதை நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

உயரத்துக்கு மாறினாலும் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எடை என்றால் எந்த எடை? சாக்கோடு சேர்த்தா, சாக்கை நீக்கியா? இது தெரியாமல் முகம் தெரியாத ஒரு மனிதரைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

நீலாம்பாள்


மட்டாஞ்சேரி,
6-11-1978

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை தடவை சொன்னாலும் தலைப்பு, தலைப்பு என்று இந்த அம்மா விடமாட்டார் போலிருக்கிறதே என்று கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.

நேற்று முன்தினம் தராசில் ஒரு சாக்கு ஏறியது. முள் அறுபத்தொன்றில் நின்றது. நான் 'அறுபது' என்று சொன்னேன். நாளைக்கு முந்நூறு தடவை வாய் சொல்கிற எண் மனதில் நிற்பதில்லை; அன்றைக்குத்தான் என் காதிலேயே அது விழுந்தது.

வெறும் சாக்கு ஒரு கிலோ. அதை மனதுக்குள் கழித்துவிட்டுத்தான் நான் எடை சொல்வது. பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். கிளார்க்குக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், சுமை தூக்கும் பிச்சைக்கும் தெரியும். அதனால் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. என் மகளுக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளோ முதல் சனிக்கிழமையே பிச்சையிடம் கேட்டு வெறும் சாக்கை எடை போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு கிலோ. வீட்டில் வந்து ஐம்பது எண்ணிலும் ஒவ்வொரு கிலோவாகக் கழித்திருக்கிறாள். நான் கழித்ததை அவளும் கழித்தாள். சாக்குக்காக அந்த மிளகு இரண்டு தடவை இளைத்துவிட்டது.

கழித்ததைத் திரும்பக் கூட்டினோம். மொத்தம் மூவாயிரம் கிலோ. சராசரி அறுபது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. வீட்டுக்காரி மூக்கம்மாளைக் கூப்பிட்டு எல்லாருக்கும் சாயா போடச் சொன்னேன். அப்போது பாக்கியம் என்னைப் பார்த்துக் கேட்டாள்: 'யப்பா, இப்போ குறைவில்லன்னு ஆயிப்போச்சு. நெசமாவே குறைஞ்சிருந்தா நீங்க முதலாளிகிட்ட கேட்டிருப்பீங்களா?'

அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்று எழுதியிருந்தேன். எழுத்துக் கூட்டி எல்லாக் கடிதத்தையும் படித்திருக்கிறாள். உங்களுடையதையும் என்னுடையதையும்.

கேட்டிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பத்து நாள் என் முதலாளி எடையில் ஏமாற்றுகிறார் என்று நான் நம்பினேன் டீச்சர். அந்தப் பத்து நாளும் அதே தராசுக்குப் பக்கத்தில் நின்று, அதே சத்தத்தில் எடை சொன்னேன். ஒரு நாள்கூட என் குரல் தடுமாறவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மகள் கேட்டுவிட்டாளே என்பதற்காக இல்லை, பதில் அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது என்பதற்காக.

அதோடு முடியவில்லை. சரிசெய்த அட்டவணையில் விரலை வைத்துக் காட்டினாள். நாற்பத்தெட்டு சாக்கு அறுபதும் அதற்குச் சற்று முன்பின்னும். பதினேழாம் நம்பரும் நாற்பத்தொன்றாம் நம்பரும் மட்டும் ஐம்பத்தேழு. இது புதிதில்லை. மொத்த எடை சரியாக இருந்தால் அடுக்கு சரி என்பதுதான் எங்கள் வழக்கம். ஒன்றில் குறைந்தது மற்றதில் கூடியிருக்கும். 'சராசரி அறுபதுதானேளா?' என்றேன். 'பதினேழாம் நம்பர் சாக்கை வாங்குறவனுக்குச் சராசரியா கிட்டும்? அம்பத்தேழுதான கிட்டும்' என்கிறாள்.

அந்த அடுக்கு இன்னும் கப்பலேறவில்லை. நான் என்ன செய்யட்டும்? இப்படி நான் யாரிடமும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
செல்லதுரை


மட்டாஞ்சேரி,
8-11-1978

அன்புள்ள செல்லதுரை அவர்களுக்கு,

முதலில் என் பங்கு. தலைப்பு சரியில்லை என்று பார்த்த அன்றைக்கே 'எந்த எடை?' என்று நான் கேட்டிருக்க வேண்டும். சராசரியைப் பார்த்துப் பதறிப்போய், ஒரு மனிதரைத் திருடர் என்று தீர்மானித்துவிட்டு, அதற்கு அப்புறம் கேட்டேன். இருபது வருஷமாகப் பெண்களை முறை முறை என்று வாட்டுகிறவள், என் அவசரத்தில் முறையை மறந்தேன். உங்களைப் பத்து நாள் அவதிப்படவைத்ததில் பாதி என்னைச் சேரும்.

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. அறிக்கையின் முடிவு என்ற பகுதியில் அட்டவணை காட்டுவதை எழுத வேண்டும். சராசரி அறுபது என்று காட்டுகிறது. இரண்டு சாக்கு ஐம்பத்தேழு என்றும் காட்டுகிறது. ஒன்றை எழுதி மற்றதை விட நான் அனுமதிக்க மாட்டேன். அதை எழுதிய பிறகு பண்டகசாலையில் போய் என்ன சொல்வது என்பது என் பாடத்தில் இல்லை.

உயரத்தைப் பற்றி எழுதலாம் என்று நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. பாக்கியத்திடமும் சொன்னேன். 'அப்பா என்ன சொல்றாரோ அது' என்றாள், சுத்தமான தமிழில். ஆகவே முடிவு உங்களுடையது. எது செய்தாலும் என் மதிப்பு உங்கள்மேல் குறையாது. அவளுடைய மதிப்பைப் பற்றி நான் சொல்வதற்கில்லை.

நீலாம்பாள்


மட்டாஞ்சேரி,
20-11-1978

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தோடு அறிக்கை வருகிறது. மிளகுச் சாக்கு அறிக்கை.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே முதலாளி அறைக்குப் போனேன். அட்டவணையை மேசையில் வைத்தேன். 'இதாரு எழுதியது?' என்று கேட்டார். என் மகள் என்றேன். வெகுநேரம் பார்த்தார். 'கொள்ளாமல்லோ' என்று பாராட்டினார். அப்போதுதான் பதினேழையும் நாற்பத்தொன்றையும் காட்டினேன். 'மொத்தம் சரியல்லே செல்லதுரை? பின்னெ எந்தா ப்ரஷ்னம்?' என்றார். சாக்கின் மேல் அறுபது என்று எழுதியிருக்கிறது, உள்ளே ஐம்பத்தேழுதான் இருக்கிறது, எடை சொன்னவன் நான், அதனால் அந்த இரண்டையும் பிரித்து நிரப்ப வேண்டும் என்றேன். முழு அடுக்கையும் இறக்க வேண்டும், அதற்கு ஆள் ஒதுக்க முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை நானே இறக்குகிறேன் என்றேன். முதலாளி முகம் மாறியது. 'எந்தெங்கிலும் செய்யூ' என்று, என்னமோ செய்துகொள் என்பதுபோல் கையை வீசிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சையும் நானும் ஐம்பது சாக்கையும் இறக்கினோம். பாக்கியம் கூடவே நின்று நம்பர் பார்த்துச் சொன்னாள். இரண்டு சாக்கையும் பிரித்து மும்மூன்று கிலோ போட்டுத் தைத்து, மறுபடி அடுக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பிச்சை என்னைத் திட்டிய திட்டை எழுத இந்தத் தாள் போதாது. ஆனாலும் கடைசிச் சாக்குவரை போகாமல் நின்றான்.

திங்கட்கிழமை காலையில் என்னைத் தராசிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது வாசலில் நின்று வண்டி நம்பர் எழுதுகிறேன். சம்பளம் அதே சம்பளம். தராசில் செல்வன் என்ற சின்னப் பையன் நிற்கிறான், சத்தமே வெளியே வராது. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். முள்ளைப் பார்க்காமல் பொழுது போக மாட்டேனென்கிறது. ஆனால் டீச்சர், இத்தனை வருஷத்தில் இந்த ஒரு வாரம்தான் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக மகள் முகத்தைப் பார்க்கிறேன். அதை யாரும் மாற்ற முடியாது. முதலாளிக்கும் என்றாவது கோபம் ஆறும். ஆறாவிட்டாலும் எனக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, கணக்குத் தெரிகிறது.

அட்டவணைத் தலைப்பு இப்போது 'மிளகின் எடை, சாக்கு நீங்கலாக, கிலோவில்' என்று இருக்கிறது. கம்பெனிப் பெயரை எழுதலாமா என்று முதலாளியிடம் நானே கேட்டேன். வேண்டாம் என்றார். அவர் சொத்து, அவர் இஷ்டம். அதனால் மட்டாஞ்சேரியில் ஒரு பண்டகசாலை என்று மட்டும் இருக்கும். ஆனால் என் பெயர் என்னுடையது.

நேற்று மூல வரி எழுத உட்கார்ந்தவள் பேனாவை நிறுத்திவிட்டு, 'யப்பா, நீங்க இப்போ எடைக்காரர் இல்லல்லோ. எந்து எழுதட்டும்?' என்று கேட்டாள். அட்டவணையின் தேதியைப் பார்க்கச் சொன்னேன். அந்தத் தேதியில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். எடைக்காரர் என்றே எழுது என்றேன். எழுதினாள். எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாதே, வாசித்துக் காட்டச் சொன்னேன். 'மூலம்: மட்டாஞ்சேரியில் ஒரு பண்டகசாலை; எடைக்காரர் செல்லதுரை. இவர் என் அப்பா. இவர் சொன்ன எடை சரியாக இருக்கும்' என்று வாசித்தாள்.

பின்னால் உள்ள இரண்டு வாக்கியமும் உங்கள் முறையில் சேராது என்று எனக்கே தெரியும். அதற்காக மதிப்பெண் குறைப்பதானால் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மையால் அடித்துவிட மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
செல்லதுரை